இன்னும் ஐந்து வருஷத்து மாத்திரை

நல்லூர், திருப்பூர்
10.9.2008

மதிப்பும் மரியாதையும் மிக்க பெரிய மச்சான் நாச்சிமுத்து அவர்களுக்கு, தங்கள் தங்கை வேலாத்தாளின் வீட்டுக்காரன் கந்தவேல் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் வேலாத்தாளும் முருகன் புண்ணியத்தில் சுகம். அங்கே ஊத்துக்குளியில் தாங்களும் அக்காவும் எருமைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பஸ்ஸில் கொடுத்துவிட்ட வெண்ணெய் தூக்குப்போசியோடு வந்து சேர்ந்தது. அந்த வெண்ணெயால் இங்கே நடந்த விபரீதத்தைப் பின்னால் எழுதுகிறேன். சுகம் என்று எழுதினேனே, அது கடிதத்துக்கு உண்டான மரியாதைக்காக எழுதியது. உண்மையில் நான் சுகமாக இல்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எனக்கு ரகசியம் பேசும் தொண்டையே போய்விட்டது. நான் போனில் குசுகுசுவென்று பேசினால் எதிர் வீட்டு நிட்டிங் யூனிட்காரர் வெளியே வந்து, "என்னுங்க, கூப்பிட்டீங்களா?" என்கிறார். இது வேலாத்தாள் காதில் விழக்கூடாத சங்கதி. ஆகையால் எழுதுகிறேன்.

தங்களுக்குத் தெரிந்ததுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் கட்டி என்று கோயமுத்தூரில் ஆப்பரேசன் ஆனது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாயிற்று, வேறு எங்கும் பரவவில்லை, தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷம், அவ்வளவுதான் என்றார்கள். நான் அந்த ஐந்து வருஷத்தை ஒரு ஷிப்மென்ட் தேதி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தேதி வந்தால் பெட்டியை ஒட்டி லாரி ஏற்றிவிடலாம், பிறகு நிம்மதியாகத் தூங்கலாம். போன தை மாசம் கடைசி மாத்திரை முடிந்ததும் கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் பேரனுக்குக் காது குத்து என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குப் பேரனே இல்லை என்பது பிறகுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. அந்த மைசூர்பாகு வாய் மணக்கும்போதே கோயமுத்தூர் டாக்டரம்மா, "இப்ப வேற ஒரு மாத்திரை வந்திருக்கு, இன்னும் அஞ்சு வருஷம் அதைப் போட்டா திரும்ப வர்ற வாய்ப்பு இன்னும் கொஞ்சம் குறையும். ஆனா எலும்பு தேயலாம், மூட்டு வலிக்கலாம். போட்டுப் பாருங்க" என்று எழுதிக் கொடுத்தார். வேலாத்தாளும் போட்டாள். பழைய மாத்திரை காலத்தில் மார்கழிக் குளிரில்கூட உடம்பு கொதித்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தவள், இந்த மாத்திரையில் விரல் மடக்க முடியாமல் போனாள். காலையில் சொம்பைத் தூக்க முடியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். ஆடி மாசம் ஒரு நாள், "போதுங்க" என்று நிறுத்திவிட்டாள்.

மறுபடி டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் அவளைத் திட்டுவார் என்று நம்பித்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவரோ அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தொடர்றதும் தப்பில்லை, நிறுத்தறதும் தப்பில்லை. உங்களுக்கு ஆரம்ப நிலைலதான் இருந்தது, அஞ்சு வருஷம் ஒழுங்கா முடிச்சிட்டீங்க. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது மச்சான். சளி பிடித்தால் நம்மைக் கேட்காமல் நாலு மாத்திரை எழுதுகிறார்கள். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு என்னைக் கேட்கிறார்களே! நான் படித்தது எட்டாவது. "அம்மா, நீங்களே ஒண்ணைச் சொல்லீருங்க, கட்டுப்படறோம்" என்று கும்பிட்டேன். அவர் சொன்னார், "இவங்களை மாதிரி நூறு பேர் போட்டா, அதுல ரெண்டு மூணு பேருக்குத்தான் பிரயோஜனம் இருக்கும். அந்த ரெண்டு மூணு பேர் யாருன்னு எங்களுக்கும் தெரியாது." நான் கம்பெனியில் பழுது பார்த்துப் பிரிக்கிற செக்கிங் சூப்பர்வைசர். நூறு பீஸில் இரண்டு மூன்று டேமேஜ் என்றால் சரக்கு வாங்குகிற பையரே முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்வான், நானும் முப்பது வருஷமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் மச்சான், என் வீட்டில் இருப்பது ஒரே பீஸ். நூறில் இரண்டு என்று அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி வெண்ணெய் விஷயம். கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், ஒரு வேளை பட்டினிகூடக் கிடந்தேன். அவள் எனக்கும் சேர்த்து நன்றாகச் சாப்பிட்டாள். அதனால் ஒரு மதியம் அவள் கொடியில் துணி எடுக்கப் போன சமயம் பார்த்து, மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நசுக்கி, தாங்கள் அனுப்பிய வெண்ணெயில் குழைத்து, அவள் தட்டில் ராகிக் களியின் குழியில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி பேப்பரை விரித்துக்கொண்டேன். அவள் வந்தாள், இரண்டு தட்டையும் பார்த்தாள், "உங்குளுக்கு வெண்ணெய் கம்மியா இருக்குதுங்க" என்று தட்டை மாற்றி வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதல் உருண்டையை அவளே என் வாயில் வைத்துவிட்டாள். கல்யாணமான புதிதில் செய்தது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் செய்தாள். துப்புவதா விழுங்குவதா? விழுங்கினேன். தட்டையும் வழித்துச் சாப்பிட்டேன். சாயங்காலம் மருந்துக் கடை வேல்குமாரிடம் போய், பொம்பளைகள் மாத்திரையை ஆம்பளை சாப்பிட்டுவிட்டால் என்ன ஆகும், தெரிந்த ஒருத்தர் கேட்கச் சொன்னார் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்க. அந்தத் தெரிஞ்சவரை நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார். அப்படியும் மூன்று நாள் நான் கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றி மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வேலாத்தாள் பின்னால் வந்து நின்று, "என்னுங்க பண்றீங்க?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியாம எனக்கு மருந்து வெப்பீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாள் அந்த வீட்டில் எப்படி இருந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மனுஷனால் ஆகாததைச் சாமியிடம் விடுவது நம் வழக்கம்தானே. தெரு முருகன் கோயிலில் பூக்கேட்கலாம் என்றேன். எங்கள் கல்யாணத்துக்கும் அங்கேதான் பூக்கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் மாத்திரை, சிவப்பு வந்தால் நிறுத்தம் என்று பேசிக்கொண்டோம். அவளும் சம்மதித்தாள். பூப்பறித்துப் பொட்டலம் கட்டுகிற வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். தங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையைத்தான் வைத்துக் கட்டினேன். சாமிக்கு நம் கஷ்டம் தெரியும், கோபிக்கமாட்டார் என்று நினைத்தேன். கோயிலில் பூசாரி தீபாராதனை காட்டி, கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி! "அதெப்படிச் சிவப்பு வரும்?" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். என் தொண்டைதான் தங்களுக்குத் தெரியுமே, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொன்றையும் பிரியுங்கள் என்று பூசாரியைப் பிடித்துக்கொண்டேன். பிரித்தார். அதிலும் செவ்வரளி. நான் வேலாத்தாளைப் பார்த்தேன். அவள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே, "நீங்க குளிக்கறப்ப பிரிச்சுப் பாத்தனுங்க. ரெண்டுலயும் வெள்ளை. அப்பறம் நான் மட்டும் எதுக்குங்க யோக்கியமா இருக்கோணும்?" என்றாள். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் என் கையில் திணித்து, "சாமி இன்னும் வாயே தொறக்கலீங்க. நீங்க ரெண்டு பேருந்தான் பேசியிருக்கறீங்க. மிச்சத்தை வெளிய போயிப் பேசிக்குங்க, ஆளுக நிக்கறாங்க" என்று விபூதிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

கோயிலுக்கு எதிர் பேக்கரியில் உட்கார்ந்து டீ சொன்னேன். அவள் கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மாத்திரையை நிறுத்தி ஒரு மாசம் ஆகியும் விரலால் இன்னும் சரியாகப் பிடிக்க முடியாது. அப்போது அவள் பேசினதைத் தங்களுக்கு அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குச் சாகப் பயமில்லைனு நெனைச்சுக்காதீங்க. பயந்தானுங்க. ஆனா இருக்கற வரைக்கும் இந்தக் கை என்ர கையா இருக்கோணும். எந்திரிச்சவுடனே சீக்குங்கற நெனப்பு வராம ஒரு நாளாச்சும் எந்திரிக்கோணும். இன்னொண்ணு சொல்றனுங்க, கோவிச்சுக்கப்படாது. முன்னையெல்லாம் நீங்க என்னைப் பாத்தீங்கன்னா எனக்குத் தெரியும், என்னையத்தான் பாக்கறீங்கன்னு. இப்பப் பாத்தீங்கன்னா, மாத்திரை முழுங்கிட்டாளா, எங்கியாச்சும் கட்டி இருக்குதா, மொகம் வெளுத்திருக்குதான்னு செக்கிங் டேபிள்ள போட்டுப் பாக்கறாப்பலயே இருக்குது. அஞ்சு வருஷம் பாத்தீங்க. இன்னும் அஞ்சு வருஷம் அப்படிப் பாக்கோணுமா?"

என் டீயில் ஆடை கட்டிவிட்டது. அவளிடம் சொல்லாததைத் தங்களிடம் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். அவள் பக்கத்து வீட்டுக்குப் போய் வரத் தாமதமானால்கூட தெருமுனை வரை போய் நிற்கிறேன். அவள் இல்லாத வீட்டை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், ஆப்பரேசன் ஆன அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு முழுசாகப் பார்த்துவிட்டேன். மாத்திரை டப்பா வீட்டில் இருந்தால் அந்த வீடு கொஞ்சம் தள்ளி இருக்கிறது. நிறுத்திவிட்டால் வாசலுக்கு வந்துவிடுகிறது. அது இரண்டு மூன்று பேருக்குத்தான் பிரயோஜனம் என்றால், அந்த மூன்றாவது ஆள் இவளாக இருந்தால் நான் என்ன செய்வேன்?

ஆகையால் தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்வது. அவள் யார் பேச்சையும் தட்டுவாள், பெரியண்ணன் பேச்சைத் தட்டமாட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் தவறாமல் வந்து, தற்செயலாக வந்ததுபோல உட்கார்ந்து, காப்பி குடித்து, மழை மாட்டுத்தீவனம் எல்லாம் பேசிவிட்டு, பிறகு சத்தம் போட்டு, மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு போடவேண்டும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளக்கூடாது. நானும் தங்களைப் பார்த்து, "அடடே, சொல்லாம கொள்ளாம வந்திருக்கறீங்க!" என்று ஆச்சரியப்படுவேன். அதைத் தாங்கள் நம்பியதுபோல இருக்கவும்.

அக்காவுக்கு என் கும்பிடு. தங்கள் தொழுவத்தில் பாலும் வீட்டில் பேச்சும் குறையாமல் இருக்கவேண்டும் என்று அந்த முருகனையே, இப்போது அவர் என்மேல் கொஞ்சம் வருத்தத்தில் இருந்தாலும், வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
கந்தவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க நான் அடுப்படிக்குப் போன நேரத்தில் வேலாத்தாள் இதை எடுத்துப் படித்துவிட்டாள். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். "நீங்க இத்தனை பயந்துக்கிட்டிருக்கறதை எங்கண்ணனுக்கு எழுதறதுக்குப் பதிலா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க" என்றாள். அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள், முடியவில்லை. உள்ளங்கையால் அழுத்தினாள், முடியவில்லை. நான் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை. கடைசியில் பல்லால் கடித்துக் கிழித்துத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டு, "அஞ்சு வருஷமும் போட்டுக்கறனுங்க. நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்றாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது மச்சான். ஒரு நிமிஷம்கூடச் சந்தோஷம் நிற்கவில்லை. வேண்டாம், நிறுத்திவிடு, டாக்டரம்மாவிடம் நானே சொல்கிறேன் என்று அப்போதிருந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். சொன்னால் சொன்னதுதான் என்கிறாள். இனி நான் சொல்லிக் கேட்கமாட்டாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து, மாத்திரையை நிறுத்தச் சொல்லி அவளுக்கு உத்தரவு போடவும். பயம் எனக்கு, நான் பட்டுக்கொள்கிறேன். அதற்கு அவள் மருந்து சாப்பிட வேண்டாம்.