யார் வேணாலும் அடிக்கலாம்

புது கோல்ஃப் ஸ்டிக்குகள் வேனில் வந்து இறங்கிய அன்றைக்கே சக்கரபாணி மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். ஒன்று, அவை திரும்பிப் போக வேண்டும். இல்லையென்றால் தான் போக வேண்டும். இரண்டாவதை எடுப்பாக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டார். போவதற்கு அவருக்கு வேறு இடம் கிடையாது.

மரக்காணத்தில் உப்புப் பாத்திகள் முடிந்து சவுக்குத் தோப்பு ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது அந்த ரிசார்ட். அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் உப்பு. நடுவில், ஊருக்கே கிடைக்காத நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றிப் புல் வளர்த்து, கோல்ஃப் மைதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு மாஸ்டர் சக்கரபாணி. சின்ன வயதில் சென்னையில் பெரிய மனிதர்களுக்குப் பை தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவர்.

காரில் வந்து இறங்கும் விருந்தாளிகளுக்கு முட்டியை மடக்கி, இடுப்பைத் திருப்பி, பந்தை அடிக்கச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அவர்கள் ஓங்கி வீசுவார்கள். பந்து வைத்த இடத்திலேயே இருக்கும். புல் பறக்கும். "வருஷக்கணக்கா ஆடுறவனுக்கே வராது சார். நாளைக்கும் வாங்க" என்பார் மாஸ்டர். அவர்களும் வருவார்கள். அவர்களுக்கு வராதவரைக்கும்தான் தனக்கு வேலை என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொன்னதில்லை.

புது ஸ்டிக் அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது. பழைய ஸ்டிக்கின் தலை கரண்டி அகலம்தான். நடுவில் பட்டால் பந்து பறக்கும். அரை விரல் தள்ளிப் பட்டால் தோள்பட்டை வரைக்கும் விண்ணென்று தெறிக்கும். புதுசுக்கோ முற்றின தேங்காய் அளவு தலை. எடுத்தால் காகிதம் மாதிரி எடை. ஓரத்தில் பட்டாலும், மூலையில் பட்டாலும், பந்து சொன்ன பேச்சைக் கேட்டு நேராகப் போனது. முதல் நாளே, முட்டிக்குப் பட்டை போட்ட ஒரு பெரியவர், கண்ணை மூடிக்கொண்டு வீசினார். பந்து சவுக்குத் தோப்பைத் தொட்டது.

"தேங்க்ஸ் மாஸ்டர். இனிமே நானே பாத்துக்கறேன்" என்றார் பெரியவர்.

அந்த 'நானே' மாஸ்டரின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

வாசலில் வாட்ச்மேன் வேல்முருகனிடம் புலம்பினார்.

"இது ஆட்டமாப்பா? ஸ்டிக்கே அடிக்குது. மனுசன் சும்மா புடிச்சுக்கினு நிக்கிறான்."

"என் மச்சான் கூட இப்ப ஜிபிஎஸ் வச்சுக்கினுதான் கடலுக்குப் போறான். மீன் ருசி ஒண்ணும் மாறலையே."

"மீன் புடிக்கிறது பொழப்பு. பொழப்பு சுலபமாவலாம். ஆட்டம் சுலபமாவக் கூடாது."

"உனக்கு ஆட்டம்தானே பொழப்பு" என்றான் வேல்முருகன், கேட்டைத் திறந்துகொண்டே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மனைவி கொளஞ்சி அடுப்படியில் இருந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து உப்பளத்துக்குப் போகிறவள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் தோல் வெடித்திருந்தது. வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் எப்போதும் நீர் வழியும். மழைக்காலத்தில் அந்த வேலையும் இருக்காது. ரிசார்ட்டில் பந்து பொறுக்குகிற வேலையாவது வாங்கிக்கொடு என்று அவள் கேட்டபோதெல்லாம், "மாஸ்டர் பொண்டாட்டி பந்து பொறுக்கினா என் மரியாதை இன்னா ஆவுறது?" என்று சொல்லிவிடுவார். கடைசியில் போன மழைக்கு அவளே நேராகப் போய் மேனேஜர் யுவராணியைப் பார்த்து வேலை வாங்கிவிட்டாள். இப்போது விடிய உப்பளம், மத்தியானத்துக்கு மேல் பந்து. மைதானத்தில் எதிரில் வந்தால் மாஸ்டர் வானத்தைப் பார்த்தபடி நடப்பார்.

"இன்னா கொழம்பு?"

"கவலை."

"இருக்குற கவலை பத்தாதா எனக்கு?"

"மீனு சல்லிசா கிடைச்சுது. உன் கவலை இன்னா, அதச் சொல்லு."

சொன்னார். சுற்றி வளைத்துச் சொன்னார். இரும்புத் தலை வைத்த பழைய அயர்ன் ஸ்டிக்கில் அடிப்பது தவம் என்றார்.

"அயர்ன்னா துணி தேய்க்கிறதா?"

"தினமும் அங்கதானே நிக்கிற. உன்கிட்டப் போய் பேசுறேன் பாரு."

"சரி, எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் புதுசுல யார் வேணாலும் அடிக்கலாம்னு சொல்ற."

"யார் வேணாலும்."

"நான் கூடவா?"

மாஸ்டர் சிரித்தார். அன்றைக்கு முதல் முறையாக. "நீ கூட."

"நீ வாயால சொன்னா மேடம் நம்புமா? கண்ணால பாத்தாதானே நம்பும்" என்றாள் கொளஞ்சி. சொல்லிவிட்டுக் குழம்பை இறக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பல் துலக்கும்போது மாஸ்டருக்கு அபாரமான யோசனை ஒன்று உதித்தது. இந்த மூளைக்கு நான் எங்கேயோ இருக்க வேண்டியவன் என்று நினைத்துக்கொண்டார்.

யுவராணி பாண்டிச்சேரிக்காரி. சின்ன வயசு. சிரித்த முகமாகவே எதையும் மறுப்பாள்.

"மேடம், அந்த ஸ்டிக் ஆட்டத்தையே கெடுக்குது. கஷ்டம் இல்லாத ஆட்டம் ஆட்டமே இல்ல."

"மாஸ்டர், வர்றவங்க வாரமெல்லாம் ஆபீஸ்ல கஷ்டப்பட்டுட்டு வர்றாங்க. இங்கயும் கஷ்டப்படணுமா?"

"ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் காட்டறேன். என் பொண்டாட்டிய அடிக்கச் சொல்றேன். ஸ்டிக்குனு ஒண்ணத் தொட்டுக்கூடப் பாக்காதவ. அவ அடிச்சிட்டா, இது ஆட்டம் இல்லன்னு ஒத்துக்கணும். எல்லாத்தையும் திருப்பி அனுப்பணும்."

"அக்கா ஒத்துப்பாங்களா?"

"நான் சொன்னா மறுபேச்சு பேச மாட்டா" என்றார் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். கொளஞ்சி புடவைக்கு மேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நாலு பேர் முன்னால் அவள் எப்போதும் வாங்க போங்கதான்.

"எந்தப் பக்கம் புடிக்கணும்ங்க?"

கூட்டம் சிரித்தது. மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். "பாத்துக்குங்க. நான் ஒரு வார்த்தை சொல்லித் தர மாட்டேன். இது சுத்தமா ஒண்ணும் தெரியாத கை."

கொளஞ்சி காலை அகட்டி நின்றாள். முட்டியை லேசாக மடக்கினாள். வீசினாள். பந்து எழும்பி, குழியில் நட்ட கொடிக்கு மேலே போய், சவுக்குத் தோப்பைத் தாண்டி, கீற்று மூடிய உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ விழுந்தது. மாஸ்டர்தான் முதலில் கை தட்டினார்.

"பாத்தீங்களா? உப்பு வாருற கை. அதுவே இப்படி அடிக்குதுன்னா இதுக்குப் பேரு விளையாட்டா?"

அவரை யாரும் கவனிக்கவில்லை. பெண்கள் இரண்டு பேர் கொளஞ்சியிடம் போய்விட்டார்கள். "அக்கா, இன்னொரு வாட்டி." இன்னொரு முறை அடித்தாள். அது இன்னும் தூரம் போனது.

யுவராணி மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "ஒத்துக்கறேன் மாஸ்டர். நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. புது ஸ்டிக்னா யார் வேணாலும் அடிக்கலாம்."

"அதான் மேடம்."

"யாரும் சொல்லித் தரவே வேணாம்."

"வேணாம் மேடம்" என்று உற்சாகமாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது.

யுவராணி சிரித்துக்கொண்டே இருந்தாள். வேலை கை நழுவுவது மாஸ்டருக்குத் தெரிந்தது. எதையாவது பிடிக்க வேண்டும். கையில் கிடைத்ததைப் பிடித்தார்.

"புதுசுல யார் வேணாலும் அடிக்கலாம். பழசுல அடிக்கச் சொல்லுங்க பாப்போம். அதுக்கு மாஸ்டர் வேணும்."

அவரே ஓடிப் போய்த் தன் பையிலிருந்து பழைய அயர்ன் ஸ்டிக்கை எடுத்துவந்து நீட்டினார். கொளஞ்சி வாங்கவில்லை. அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேணாங்க. இதோட விட்டுடுங்க."

"ஏன், பயமா?"

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"புடி."

பிடித்தாள். அடித்தாள். சொடக்குப் போட்டது போல் ஒரு சின்னச் சத்தம். பந்து தாழ்வாகப் போய், கொடிக்குப் பக்கத்தில் விழுந்து, சமர்த்தாக நின்றது.

கூட்டத்துக்குப் பந்து மட்டும்தான் தெரிந்தது. மாஸ்டருக்கு அந்தச் சத்தம் கேட்டது. இரும்பின் சரியான இடத்தில் பந்து பட்டால் மட்டும் வருகிற சத்தம். அவருக்கே அது பத்து முறை அடித்தால் ஒரு முறைதான் வரும். அதிர்ஷ்டத்தில் வராது. மாசக்கணக்கில், யாரும் இல்லாத நேரத்தில், திரும்பத் திரும்ப நின்று அடித்த கைக்குத்தான் வரும். அங்கே இருந்தவர்களில் அது தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். அதைச் சொல்ல முடியாத ஆளும் அவர்தான். ஸ்டிக்தான் அடித்தது என்றால் மாஸ்டர் தேவையில்லை. கொளஞ்சிதான் அடித்தாள் என்றால் மாஸ்டர் கொளஞ்சி.

"இது பழசுதானே மாஸ்டர்?" என்று கேட்டாள் யுவராணி.

"ஆமா மேடம்."

"இதுல வராதுன்னு சொன்னீங்க."

மாஸ்டர் புல்லைப் பார்த்தார். யுவராணி அதற்குமேல் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே முடித்துவிட்டாள். புது ஸ்டிக் இருக்கும். வருகிறவர்களோடு அக்கா நிற்பார்கள், அக்காவைப் பார்த்தாலே எல்லோருக்கும் தைரியம் வருகிறது. பந்து பொறுக்க ஆள் இல்லாமல் போகிறதே, அதை மட்டும் மாஸ்டர் கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்குப் போகும்போது இருவரும் உப்புப் பாத்தி வரப்பில் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். கொளஞ்சி முன்னால் போனாள்.

"எப்படி கத்துக்கின?" என்று கேட்டார் மாஸ்டர்.

"மத்தியானம் சாப்டுட்டு ஷெட்டுல படுத்துத் தூங்குவல்ல. அப்ப. உன் பையில இருந்துதான் எடுத்தேன்."

"எவன் சொல்லிக் குடுத்தான்?"

"நீதான். தலையத் தூக்காத, தோளை எறக்கு, கையால அடிக்காத இடுப்பால அடின்னு கத்துவல்ல, வர்றவங்ககிட்ட. அவங்க யாரும் காதுல வாங்கல. நான் வாங்கினேன்."

நல்லபடியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று அவருக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"புதுசு எப்ப தொட்ட?"

"இன்னிக்குத்தான்."

"நெசமா சொல்லு. எது ஒசத்தி?"

கொளஞ்சி நின்றாள். யோசித்துத்தான் சொன்னாள். "பழசுதான். தப்பா அடிச்சா அப்பவே கையில சொல்லிடுது. புதுசு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. எப்படி அடிச்சாலும் நல்லா அடிச்சேன்னு பொய் சொல்லுது."

"அதைத்தானேடி நானும் சொல்றேன். அதை மேடம்கிட்ட வந்து சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"பொய் சொன்னாதான் கூட்டம் வருது. கூட்டம் வந்தாதான் எனக்கு அங்க வேலை. இனிமே இந்தத் தண்ணியில எறங்க மாட்டேன் நான்." வரப்புக்குக் கீழே பாத்தியில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே."

"கேட்டேன். கல்யாணமான புதுசுல, ஒரு வாட்டி அடிச்சுப் பாக்கறேன்னேன். நீ சிரிச்ச. உன் சிநேகிதக்காரன்களையெல்லாம் கூப்ட்டுச் சொல்லிச் சிரிச்ச."

மாஸ்டர் நினைவுபடுத்திப் பார்த்தார். எதுவும் ஞாபகம் வரவில்லை. அதை அவளிடம் சொல்லாமல் இருக்க மட்டும் அவருக்குப் புத்தி இருந்தது. வேறு வழியில் ஒரு பிடி தேடினார்.

"உன்னைக் கூப்ட்டு வந்து அடிக்க வைக்கலாம்னு எனக்கு யோசனை வரலைன்னா, நீ இன்னும் ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் அடிச்சுக்கினு இருந்திருப்ப. அதை மறந்துடாத."

கொளஞ்சி திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. உப்பு பதமாகிவிட்டதா என்று பாத்தியைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"உனக்கு எங்கய்யா வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தின் கடைசியில், கூடையும் தலையில் ஒரு பழைய பைக் ஹெல்மெட்டுமாக நின்றுகொண்டிருந்தார் மாஸ்டர். கரைக்காற்று அடித்ததால் பந்தடிக்கிற முனையில் பேசுவது இங்கே தெளிவாகக் கேட்டது. பட்டணத்துப் பெண் ஒருத்தி புது ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கொளஞ்சி.

"எங்க பாத்து அடிக்கறது அக்கா?"

"அதோ, கூடை வச்சுக்கினு ஒருத்தர் நிக்கிறாரு பாருங்க. அவரைப் பாத்து அடிங்க. நேரா போவும்."

"ஐயோ, அவர் மேல பட்டுட்டா?"

"படாதும்மா. எங்க வீட்டுக்காரருதான். நகந்துக்குவாரு."

மாஸ்டர் நகர்ந்துகொண்டார்.