பதிவு மேசைக்கு வந்த கடல்

இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் ஒரு குடும்பம் நல்ல குடும்பம் என்று பெயரெடுக்க மூன்று பொருள்கள் வேண்டும்: மழைக்கோட்டு, சுத்தியல், ஜன்னல் விளிம்பில் ஒரு புதைபடிவம். முதல் இரண்டும் ஹெஸ்டரிடம் இருந்தன. மூன்றாவதை ஏழு வருஷமாகத் தேடுகிறாள். பக்கத்து வீட்டு கோலப் அம்மாளின் ஜன்னலில் மூன்று புதைபடிவங்கள். அவற்றை அவர் தினமும் துடைப்பார், ஹெஸ்டர் வாசலுக்கு வரும் நேரம் பார்த்து.

நகர மன்றம் நடத்திய 'தொடக்கநிலைக் குடும்பங்களுக்கான புதைபடிவ வேட்டை'யில், ஹெஸ்டரின் மகள் டாம்சின் காலில் அது இடறியது. உள்ளங்கை அளவில், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட முழுக் கல்.

"அம்மா, பையில போடு. ஓடிடலாம்."

"பதிவு பண்ணாம எடுத்துட்டுப் போறதா? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க!"

பதிவு மேசை சேறு கலந்த மணலில் போடப்பட்டிருந்தது. வரிசையில் முப்பத்தேழு பேர். ஹெஸ்டர் பின்னால் போய் நின்றாள். மூன்று மணிக்கு அலை காலணியை நனைத்தது. யாரும் நகரவில்லை. முன்னால் நின்றவர் கடலின் சார்பில் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லி அவளும் ஒரு மன்னிப்புக் கேட்டுவைத்தாள்.

மூன்றரைக்குத் தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

"அம்மா, கடல் நம்மள முந்திட்டுப் போகுது!"

"அதுக்கு வளர்ப்பு சரியில்ல. நீ நேரா நில்லு."

கடைசியில் அவள் முறை வந்தது. அதிகாரி லவரிட்ஜ் படிவங்களைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.

"எந்த இடத்துல கிடைச்சுது மேடம்?"

"அதோ... இப்ப தண்ணிக்கு அடியில இருக்கு சார்."

"நான் பாக்க முடியாத இடத்தை எப்படிப் பதியறது? முன்னாடி வந்தவங்களுக்கும் இதையேதான் சொன்னேன்."

"கடல் ஏறும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"மேசை நாலு மணி வரைன்னு குழுவுல முடிவாயிடுச்சு. கடல் எந்த ஆட்சேபமும் எழுதித் தரல. பதிவாகாத கல்லை இங்கேயே விட்டுட்டுப் போகணும்."

முன்னால் இருந்தவர் தன் கல்லைத் தண்ணீருக்கு அடியில் சேற்றில் அழுத்தி வைத்திருந்தார். ஹெஸ்டர் மரியாதையான இடைவெளி விட்டு, அதற்குப் பின்னால் தன்னுடையதை அழுத்தினாள். அழுகை வந்தது. வரிசையிலிருந்து விலகி நின்று அழுதாள்.

அடுத்த வசந்தத்தில் அந்தச் சேறு கல்லாக இறுகியிருந்தது. நகர மன்றம் படத்துடன் அறிக்கை ஒட்டியது:

'அரிய கண்டுபிடிப்பு! முப்பத்தெட்டு உயிரினங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, சம இடைவெளியில். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் வரிசை ஒழுக்கம் நிலவியதற்கு இது மறுக்கவியலாத சான்று. பார்வையிட முன்பதிவு அவசியம்.'

டாம்சின் படத்தில் விரலை வைத்தாள். "அம்மா! இது நம்ம கல்லு! போய்ச் சொல்லி வாங்கிட்டு வா!"

ஹெஸ்டர் வெகுநேரம் படத்தையே பார்த்தாள். ஏழு வருஷம், ஜன்னல், கோலப் அம்மாள் எல்லாம் நெஞ்சுக்குள் வந்து போயின.

"எவ்வளவு நேரா நிக்குது பாரு," என்றாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்பதிவுக்கு நின்றிருந்த அறுபது பேருக்குப் பின்னால் போய் நின்றாள்.