இரவல் குடைக் கவியும் என் குற்றமும்

சாய்ந்தமருது,
வியாழக்கிழமை, ளுஹர் தொழுத பிறகு.

அன்பு மகள் பஸ்மினாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். ஆடும் சுகம். முருங்கை மரத்துக்கு மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் ஆட்டின் சுகம். கண்டிக் குளிரில் நீ தடிமன் இருமல் இல்லாமல் இருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது வாப்பா ஏன் கடதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். மகள், உன்னோடு போனில் கதைக்க எனக்குப் பயம். நாட்டார் வழக்காறு படிக்கப் போன நாளிலிருந்து நீ எதையும் பதிவில் போடாமல் விடுவதில்லை. போன மாதம் நான் உர மூடை காலில் விழுந்து கத்தியதைக்கூட 'வலிச்சொற்கள்' என்று தலைப்புப் போட்டு வைத்திருக்கிறாய். இப்போது நான் சொல்லப்போவது உன் ஒலிப்பதிவுப் பெட்டிக்குள் என் குரலோடு கிடக்கக் கூடாது. சாரன் வியாபாரி றம்ஸீன் அஸருக்குப் பிறகு கண்டிக்குப் புறப்படுகிறார், அவர் கையில் கொடுத்துவிடுவேன். வாசித்தபின் கிழித்துவிடு. உம்மாவுக்கு மூச்சும் விடாதே.

விஷயத்துக்கு வருமுன், நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதை நீ விளங்க வேண்டும். பல்கலைக்கழக லீவில் நீ வந்தபோது, நமது ஊர்ப் பெண்கள் வயலிலும் வேலியோரத்திலும் கட்டிப் பாடிய கவிகளைத் தேடித் திரிந்தாயே, அந்தப் பதினெட்டு நாளும் நான் பட்ட பாட்டை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒலுவிலில் தோணி தள்ளுகிறவர்கள் போடும் கூப்பாட்டைப் பதிய வேண்டுமென்று போனாய், ஓர் ஆள் குறைகிறது என்று என்னைக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னாய், நானும் பிடித்தேன், தோணி கடலுக்குப் போனது, இடுப்பில் இருந்த என் சாரனும் பாதி வழி கூடப் போனது, நீ கரையில் நின்று "வாப்பா, நீங்க கத்தின சத்தத்தில அவங்கட சத்தம் கேக்கல்ல, இன்னொரு தோணி பாப்பமா?" என்று கேட்டாய். என் தங்கச்சி மகள் கல்யாணத்தில் பெண்கள் குரவை விடும் நேரத்தில் நடுவில் புகுந்து, மின்விசிறி இரைகிறது, அதை நிறுத்திவிட்டு முதலில் இருந்து விடுங்கள் என்றாய். மாப்பிள்ளை வாசலில் வியர்த்துக்கொண்டு நின்றார். அதற்கெல்லாம் எனக்குக் கோபமில்லை, மகள். ஊர் சிரித்தது, நானும் கூடச் சிரித்தேன்.

ஆனால் அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை நீ மருதமுனையில் இருந்து திரும்பி வந்தாயே, அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பு யாரோ எழுதி வைத்த கவி பாடுகிறவர்களின் பட்டியல் உன் கொப்பியில் இருந்தது, பதினாறு பெயர். நீ குளிக்கப் போன நேரம் நான் அதைத் திறந்து பார்த்தேன். பதினொரு பெயருக்கு எதிரே ஒரே திகதியைத்தான் எழுதியிருந்தாய், கடல் ஊருக்குள் வந்து ஆட்களைக் கொண்டுபோன அந்த நாள். மிச்சப் பேரில் ஒருத்தி, நம் பின்ஒழுங்கையில் இடியப்பம் விற்கிற லைலா. அவளும் உனக்கு சினிமாப் பாட்டுத்தான் பாடினாளாம். நீ சோறும் தின்னாமல் "நான் பிந்தி வந்திட்டன், வாப்பா" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய்.

ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எழுதி, தமிழில் மட்டும் சித்தியடைந்தவன் நான். அந்தத் தமிழ் அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. மறுநாள் நம் உரக்கடையில் யூரியா மூடையில் சாய்ந்துகொண்டு, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கவி கட்டினேன். அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை. தண்ணீர் மடை திறந்த மாதிரி வந்தது. நீ மனப்பாடமாக வைத்திருப்பாய், ஆனாலும் குற்றவாளி தன் கையால் எழுதிக் கொடுப்பதுதான் முறை:

கரவாகு வட்டையிலே காவலுக்குப் போற மச்சான்
இரவல் குடை புடிச்சி எங்க ஊட்டப் பாத்ததென்ன
மழையுமில்ல வெயிலுமில்ல மானத்தில மேகமில்ல
குடைக்குள்ள ஒளிச்ச முகம் கோழிக்கும் தெரிஞ்சிதுகா

ஓம் மகள். இது நான் கட்டியது. அந்தக் குடைக்காரனும் நான்தான். நிக்காஹ்வுக்கு முன் உம்மாவை ஒருதரம் பார்த்துவிட வேண்டுமென்று, அண்ணன் முறையான பளீல் காக்காவின் குடையை இரவல் வாங்கி, கரவாகு வட்டை வயலுக்குப் போகும் சாக்கில் அவர்கள் வீட்டு வேலியோரம் மூன்று தரம் நடந்தேன். யாருக்கும் இன்றுவரை தெரியாது. முப்பத்தைந்து வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்த இரகசியத்தை உனக்காக எடுத்துக் கவியாக்கினேன்.

அதை லைலாவிடம் கொண்டுபோய், இதை உன் கவி என்று என் மகளிடம் பாடு என்று கெஞ்சினேன். அவள் தாளை வாங்கவே இல்லை, ஒரு தரம் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். "இது நீங்க கட்டினதா காக்கா? நீங்களேதானா?" என்று கேட்டு, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினாள். இடியப்பத் தட்டு கவிழ்ந்தது. என் புலமையைக் கண்டு கண் கலங்குகிறாள் என்று நான் நினைத்தேன். "பாடுறன், ஆனா ஒங்கட ஆடு என்ட வேலிக்குள்ள வரப்படாது" என்றாள். அன்றிலிருந்துதான் ஆடு நம் முருங்கையைத் தின்கிறது.

நீ பதிந்துகொண்டு வந்து வாசலில் குதித்ததை நான் மறக்கவில்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு நீ ஒவ்வொரு ஞாயிறும் போனில் அந்தக் கவியை அவிழ்த்துக் காட்டினாய். "வாப்பா, இது ஓலைக்குடை. அப்ப கவி நூறு வருசத்துக்கு முந்தினது." நான் ஓம் என்றேன். அது பொத்தானை அமத்தினால் விரிகிற சீனத்துக் கறுப்புக் குடை. "கோழி எண்டது விடியலுக்கு அடையாளம், வாப்பா." அதற்கும் ஓம் என்றேன். கோழி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது, கடைசி வரியில் தானாக வந்து நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பல்கலைக்கழகத்துப் பெரிய ஆட்கள் என் கவியை மெச்சுகிறார்கள் என்று நீ சொன்னபோது மனம் குளிர்ந்தது. அந்தத் திமிரில் இரண்டாவது கவி கட்ட உட்கார்ந்தேன். மூன்று கிழமை ஒரு சொல் அசையவில்லை. கடைசியில் வந்ததைக் கேட்டு லைலா, "இதில தண்ணி மோட்டரெல்லாம் வருகுது, இது என்ட வாயில வராது காக்கா" என்று சொல்லிவிட்டாள்.

போன ஞாயிறு நீ சொன்னாய், அடுத்த கிழமை திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கையளிக்கிறேன், முதல் அத்தியாயமே இந்தக் கவியில்தான் தொடங்குகிறது என்று. அதோடு விட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவு கோழை. ஆனால் முதல் பக்கத்தில் நீ எழுதியதையும் வாசித்துக் காட்டினாய்: 'பொய் சொல்லத் தெரியாத என் வாப்பாவுக்கு.' அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளை யாராவது கண்டுபிடித்தால், நான்கு வருடம் வெயிலில் நடந்த உன் பெயர்தான் போகும். என் பெயர் போவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆகவே அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. முதல் பக்கத்தையும் எடுத்துவிடு. உன் துயரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாமல் செய்த வேலை. துயரத்துக்கு மருந்து கொடுக்க நினைத்து நஞ்சு கொடுத்துவிட்டேன், பயிருக்குக் கிருமிநாசினி விற்கிறவனுக்குப் புத்தி அப்படித்தான் போகும். உடனே மன்னிக்க வேண்டாம், பெருநாளைக்கு வரும்போது மன்னித்தால் போதும்.

அல்லாஹ் உன் படிப்பில் பரக்கத்தையும், உன் காதுகளுக்கு நல்ல சத்தங்களையும் தருவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உன் வாப்பா, சரீப்.

பி.கு.: நான் அஸர் தொழப் போன நேரத்தில் உம்மா இதை முழுக்க வாசித்துவிட்டாள். திரும்பி வந்தால், குசினிக்குள் தரையில் இருந்துகொண்டு கண்ணால் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

"இஞ்சாருங்க, இது நீங்க கட்டினதா? இது நான் கட்டினது! நீங்க குடையோட மூணாந்தரம் வரக்குள்ள, வேலிக்குள்ளால எட்டிப் பாத்து எங்கட கோழிய மிதிச்சீங்க. அது கத்தின கத்தில ஊரே பாத்த. அண்டைக்கே கட்டி, நானும் லைலாவும் எல்லாப் புள்ளைகளும் வேலிக்குள்ள இருந்து பாடினம். நீங்க கேட்டுக்கிட்டுத்தானே போனீங்க!"

கேட்டேன் மகள். பெண்கள் ஏதோ பாடுகிறார்கள் என்று கேட்டேன். குடைக்குள் இருந்தவனுக்குச் சொல் விளங்கவில்லை, பாட்டு மட்டும் மண்டைக்குள் போய்க் குந்தியிருக்கிறது.

"அப்ப மகள் தேடித் திரியக்குள்ள ஏன் வாய் திறக்கல்ல?" என்று கேட்டேன்.

"எப்பிடித் திறக்கிற? பதினேழு கவி இரிக்கி, பதினேழுலயும் நீங்கதானே இரிக்கீங்க. புள்ளைக்கு முன்னால ஒங்கட மானம் போகுமெண்டு லைலாட வாயையும் நாந்தான் கட்டி வெச்சன். நீங்களே போய் அவிழ்த்துட்டீங்க."

ஆகவே நான் மேலே எழுதியது எல்லாம் பிழை. அத்தியாயத்தை எடுக்காதே. நூறு வருடத்தை மட்டும் வெட்டிவிட்டு, கட்டியவள் பெயரைப் போடு: ஸைனம்பு, உன் உம்மா. முதல் பக்கத்தை உன் இஷ்டம் போல் செய். பொய்க்காரன் என்ற பெயர் பாதி போனதில் எனக்குச் சந்தோஷம், கவிஞன் என்ற பெயர் முழுதாகப் போனதில் துக்கம்.

மிச்சம் பதினாறையும் உனக்குப் பாடுவாளாம். ஆனால் நான் வீட்டில் இல்லாத நேரம்தானாம். நீ வரும் நாளைச் சொல், அன்று விடிய நான் வட்டைக்குப் போய்விடுகிறேன். குடை கொண்டு போகமாட்டேன்.