கால் இன்ச் கம்மி

“இடது பக்கம் கால் இன்ச் கம்மி,” என்றாள் லிடியா. பிக்கப் வண்டியின் முன்சக்கரத்தின் அருகே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“நல்லாப் பாத்தீங்களா?” என்று மேலிருந்து கேட்டார் எமில் ஷிமெக். டேப்பின் கொக்கியை மட்கார்ட் விளிம்பில் மாட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது அவர் பொறுப்பு.

“டேப்புல இருக்கறதைத்தானே சொல்ல முடியும்? வலது பக்கம் இருபத்தொண்ணரை. இங்க இருபத்தொண்ணே கால்.”

எமிலுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அன்று முழுக்க வேர்த்து விறுவிறுத்து, முன்பக்க ஸ்பிரிங் இரண்டிலும் உயரக் கட்டைகளை அவரே பொருத்தியிருந்தார். மூக்கைத் தாழ்த்தி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் பிக்கப்பின் பிறவிக்குணம். பின்னால் பாரம் ஏற்றினால் தானாக நேராகிவிடும். ஆனால் டெக்சஸில் அந்தப் பக்கத்து ஆண்கள் பாரம் ஏற்றுவதைவிட வண்டியை நேராக்குவதில்தான் அதிகம் பாடுபடுவார்கள்.

எமில் மட்டும் பதினோரு வருடமாக அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தார். போன வாரம் பக்கத்து வீட்டு லிடியா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “உங்க வண்டி ஏன் எதையோ தொலைச்சுட்டுத் தேடற மாதிரி குனிஞ்சே நிக்குது?” என்று கேட்டுவிட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எமிலுக்கு இரண்டு நாள் தூக்கம் போய்விட்டது.

காரணம் இருந்தது. மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை, சர்ச் மண்டபத்தில் போல்கா நடனம். மனைவி இறந்த இந்த ஆறு வருடத்தில் எமில் அந்தப் பக்கமே போகவில்லை. இந்தத் தடவை லிடியாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. ஆனால் தொலைத்ததைத் தேடும் வண்டியில் ஒரு பெண்ணை எப்படி ஏற்றுவது? முதலில் வண்டியை நேராக்குவது, பிறகு வாயைத் திறந்து கேட்பது என்று முடிவு செய்துவிட்டார்.

லிடியாவும் தனி ஆள்தான். இறந்துபோன அண்ணனின் வீட்டுக்குப் போன வருடம்தான் குடிவந்தாள். தூரத்து அமரில்லோ நகரில் இருக்கும் மகள், அங்கே வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். அந்த நடனத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“இங்க இருக்கறதுக்கு எனக்கு என்ன காரணம் இருக்கு, நீங்களே சொல்லுங்க,” என்று ஒருநாள் எமிலிடமே கேட்டாள்.

எமில் நன்றாக யோசித்துவிட்டு, “இங்க காத்து நல்லா வரும்,” என்றார். அவருடைய சாமர்த்தியம் அவ்வளவுதான்.

மறுநாள் இடது ஸ்பிரிங்குக்கு மேல் கால் இன்ச் வாஷர் ஒன்றைச் சொருகிவிட்டு, சாயங்காலம் லிடியாவைக் கூப்பிட்டார். எமிலுக்கு இரண்டு முட்டியும் ஆபரேஷன் செய்தவை, குனிய முடியாது. குனிந்தாலும் கண்ணாடி இல்லாமல் எண் தெரியாது. கண்ணாடி வாங்கினால் வயதாகிவிட்டது என்று அர்த்தமாம். அதனால் சக்கரத்தின் நடுமையத்தில் டேப் என்ன காட்டுகிறது என்று படிப்பது லிடியாவின் வேலை.

“முன்னாடி ரெண்டும் இப்ப ஒண்ணுதான்,” என்றாள் லிடியா.

“அப்பாடா!”

“ஆனா பின்னாடி வலது பக்கம் கால் இன்ச் தூக்கிட்டு நிக்குதே.”

“நேத்து நிக்கலையே?”

“நேத்து நீங்க பின்னாடி பாக்கச் சொல்லலையே.”

நியாயமான பதில். எமில் மறுநாள் பின்பக்க வலது ஸ்பிரிங்கில் அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றினார். அன்று சாயங்காலம் முன்பக்க வலது கால் இன்ச் கம்மியாகிவிட்டது. அங்கே ஒரு வாஷர். அதற்கு அடுத்த நாள் பின்பக்க இடது.

அளப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். அளந்து முடித்ததும் லிடியா, ஆப்ரிகாட் ஜாம் வைத்த கொலாச்சி பன்னும் காபியும் கொண்டுவருவாள். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். எமில் பன்னைத் தின்றுகொண்டே ஸ்பிரிங் பற்றிப் பேசுவார். லிடியா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஸ்பிரிங்கைப் பற்றி இவ்வளவு ஆர்வமாகக் கேட்கும் பெண்ணை எமில் பார்த்ததே இல்லை.

இரண்டாவது வாரம் வண்டி மூன்று இன்ச் வளர்ந்துவிட்டது. ஏற்கெனவே தொட்டும் தொடாமலும் போய்க்கொண்டிருந்த ஷெட்டுக்குள் இப்போது நுழைய மறுத்தது. எமில் ஆக்சிலேட்டரை அழுத்தினார். ஷெட் கதவு கழன்று வண்டியின் கூரைமேல் விழுந்தது. கூரையில் பள்ளம்.

“கூரை நடுவுல ரெண்டு இன்ச் கம்மி,” என்றாள் லிடியா, டேப்பை எடுக்காமலே.

ஆள் உட்கார்ந்தால் அளவு மாறுமோ என்று எமிலுக்குச் சந்தேகம் வந்தது. லிடியாவை ஏறி உட்காரச் சொன்னார். அவள் ஐந்தடிகூட இல்லை. ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள், இன்னொரு காலைத் தூக்கிப் பார்த்தாள், கடைசியில் வாளிமேல் ஏறி நின்றாள். அப்படியும் எட்டவில்லை. யாரை ஏற்றுவதற்காக வண்டியை உயர்த்தினாரோ அவளாலேயே ஏற முடியவில்லை என்று எமிலுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் இரண்டு பக்கமும் படிப்பலகை மாட்டினார். ஒன்று கனம் அதிகம் போலிருக்கிறது. வண்டி இப்போது நிஜமாகவே ஒரு பக்கம் சரிந்தது. மறுபக்கம் நாலு மூட்டை மணல் போட்டார். பெட்ரோல் பங்க் காபி மேஜையில் அவருடைய சிநேகிதர் பென்னோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “டேய் எமில், உன் வண்டி ஏன்டா கம்பத்தைப் பாத்த நாய் மாதிரி ஒரு காலைத் தூக்கிட்டு நிக்குது?” என்றார். மேஜையே சிரித்தது. எமில் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. லிடியா டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “ஞாயித்துக்கிழமை மகளுக்குப் பதில் சொல்லணும்,” என்றாள்.

நடனத்துக்குக் கூப்பிடும் வார்த்தை எமிலுக்கு நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வண்டியைப் பார்த்தார். அது கோணலாக நின்றது. வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது.

“கவலைப்படாதீங்க. சனிக்கிழமைக்குள்ள எப்பாடு பட்டாவது முடிச்சிடுவேன்,” என்றார்.

“வண்டியையா?”

“பின்னே?”

“சரி,” என்றாள் லிடியா. அன்று கொலாச்சி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஊர்க்கோடியில் இருக்கும் மெக்கானிக் டேரலிடம் வண்டியைக் கொண்டுபோனார் எமில். டேரல் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு தடவை நடந்தான்.

“சார், இதுக்கு யாராவது செய்வினை வெச்சாங்களா?”

“நாந்தான் வெச்சேன். நாளைக்குள்ள நேராக்கணும்பா. ரொம்ப முக்கியம்.”

டேரல் படிப்பலகைகளைக் கழற்றினான். மணலை இறக்கினான். வாஷர்களை ஒவ்வொன்றாக உருவித் தட்டில் போட்டான். மொத்தம் ஒன்பது. கழற்றிய பட்டையைத் திரும்ப மாட்டினான். எமில் முதல் நாள் வைத்த உயரக் கட்டைகள் மட்டும் மிஞ்சின. சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்தையும் அளந்தான். தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி அளந்தான்.

“முன்னாடி ரெண்டும் இருபத்தொண்ணரை. பின்னாடியும் ரெண்டுக்கும் ஒரே அளவு. மட்டம் வெச்ச மாதிரி நிக்குது. சார், மொத நாளே வண்டி நேராயிடுச்சு! அதுக்கப்புறம் எதுக்கு இவ்வளவு கூத்து? யார் அளந்தது?”

எமிலுக்கு எல்லாம் விளங்கியது. கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பக்கத்து வீட்டு லிடியா. பாவம், கண்ணு சரியாத் தெரியல போலிருக்கு. தெனம் ஒரு அளவு சொன்னாங்க. நீ யார்கிட்டயும் சொல்லிடாதே, மனசு கஷ்டப்படுவாங்க. நல்ல கண் டாக்டரா ஒருத்தரைப் பாத்து நானே கூட்டிட்டுப் போறேன்.”

டேரல் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“லிடியா மேடத்துக்கா கண்ணு தெரியாது? சார், அவங்க முன்ன இருந்த ஊர்ல, கதவு கம்பெனியில நாலு வருஷம் அவங்களுக்குக் கீழ வேலை பாத்தவன் நான். முப்பது வருஷமா அங்க அளவு சரிபாத்தவங்க அவங்க, முடி கனம் பிசகினாக்கூட கதவைத் திருப்பி அனுப்பிடுவாங்க. வண்டி நேராயிடுச்சுன்னு மொத நாளே சொல்லியிருந்தா, மறுநாள் சாயங்காலம் நீங்க அவங்களக் கூப்பிட்டிருப்பீங்களா?”