பத்து மணிக்கு எதிர்பாராத சந்திப்பு

'காலை 10.00 – 10.30: எதிர்பாராத சந்திப்பு' என்று நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள் அட்டவணை அக்கா. மணி பத்தேகால். எதிர்பாராமல் ஒருவரும் வந்தபாடில்லை.

மிஷனில் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. ஜெபத்துக்கே நேரம் குறித்து வைத்துக்கொள்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொல்வது அவள் ஊழியம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டால் பசிகூட மறந்துபோகும். அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து.

போன வாரம் மிஷன் தலைவர் அவளுடைய பயண அறிக்கையை விரலால் தட்டினார்.

"கடைசிக் கட்டத்தைப் பாருங்க. 'வழியில் எதிர்பாராமல் சந்தித்தவர்.' ரெண்டு பயணமா காலியா விட்டிருக்கீங்க."

"பார்க்க வேண்டியவங்களை எல்லாம் பார்த்துட்டேனே ஐயா?"

"நீங்க பார்க்கப் போனவங்களைப் பார்த்தீங்க. ஆண்டவர் அனுப்பினவங்களைப் பார்த்தீங்களா? இந்தத் தடவையும் காலியா வந்தா, ஆபீஸ்ல உட்கார்ந்து கவர் ஒட்டுங்க."

அதனால்தான், ஐந்து மணிக்குத்தான் பஸ் என்று தெரிந்தும் காலையிலேயே பஸ் நிலையத்துக்கு வந்து, ஆள் நடமாட்டம் அதிகமுள்ள லக்கேஜ் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவரிடம் "எங்கே பயணம்?" என்று ஆரம்பித்தும் பார்த்தாள்.

"இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்தாச்சும்மா" என்று அவர் நகர்ந்துவிட்டார்.

அப்போது லக்கேஜ் அறைக்காரர் வெளியே வந்தார். "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் இந்த நாற்காலியில உட்காருறீங்களா? இதோ வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்க. நான் ஒருத்தரை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றாள், கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

நாற்காலிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உட்கார்ந்தவர் யாரானாலும் அவரை அதிகாரியாக்கிவிடும். முதலில் வந்தவர் ஒரு கறுப்புப் பையை அவள் காலடியில் வைத்தார்.

"நான் இங்கே வேலை பார்க்கிறவ இல்லீங்க!"

"பரவாயில்லைம்மா, பார்த்தா நம்பிக்கையாத்தான் இருக்கீங்க" என்று போயே போய்விட்டார்.

அடுத்தடுத்து ஆறு பேர், அவர்களைப் பார்த்து இன்னும் பலர். டோக்கன் பெட்டியோ பூட்டிக் கிடந்தது. சாவி அறைக்காரரோடு போய்விட்டது. அக்கா சும்மா இருப்பாளா? பையிலிருந்து 'நிம்மதி எங்கே?' என்ற துண்டுப்பிரசுரக் கட்டை எடுத்தாள். ஒவ்வொன்றையும் இரண்டாகக் கிழித்து, 'நிம்மதி'யைப் பையின் கைப்பிடியில் செருகி, 'எங்கே?'யை ஆளிடம் கொடுத்தாள். நல்ல ஏற்பாடுதான் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். எல்லாம் ஒரே அச்சு என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

மதியம் முப்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"அம்மா, என் நிம்மதி எங்கே? பஸ் கிளம்புது!"

"அது என் நிம்மதிங்க, கையை எடுங்க!"

கிழிந்த விளிம்புகளைப் பொருத்திப் பார்த்து, குத்துமதிப்பாகக் கொடுத்தாள். பத்தே நிமிடத்தில் ஓர் ஆசிரியை அலறிக்கொண்டு ஓடி வந்தார். "பரீட்சைப் பேப்பர் வெச்சிருந்தேங்க! இப்போ திறந்தா நாற்பது வாய் பல் சிரிக்குது!"

பின்னாலேயே பல் செட் செய்பவர், கையில் விடைத்தாள் கட்டோடு வந்தார். வந்தவர், "மூணாவது பேப்பருக்கு இன்னும் ரெண்டு மார்க் போடலாம்" என்று சிபாரிசு வேறு செய்தார்.

இனி ஏமாறக் கூடாது என்று அக்கா எழுந்து நின்றாள். "உள்ளே என்ன இருக்குன்னு சொன்னாத்தான் பை!"

அது இன்னும் பெரிய வம்பாகப் போயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிற மனிதர் யார்?

"காலிக் கிளிக்கூண்டுங்க. கிளி பறந்துபோச்சு. தங்கச்சிக்குக் கொடுக்கப் போறேன்."

"தங்கச்சி கிளி வளர்க்கிறாங்களா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்குக் கூண்டு?"

"அதைத்தான் நானும் வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வர்றேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, மேலே கேட்க ஆசையும் வந்தது. கடிகாரத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

அடுத்தவர் வயதானவர். "குட்டிச் செருப்பு ஒரு ஜோடி. பேத்திக்கு. மகன் என்கூடப் பேசி ஏழு வருஷமாச்சு. வாங்குவானோ என்னவோ."

"வாங்கலேன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டே விட்டாள்.

"வாசல்ல வெச்சுட்டு வந்துடுவேன். அளவு சரியா இருக்கான்னு மட்டும் யாராவது சொன்னாப் போதும்."

அவர் பையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்; இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் போலிருந்தது. ஆனாலும் வரிசை நீண்டுகொண்டே போனது. "கொஞ்சம் சுருக்கமா சொல்லுங்க எல்லாரும், நான் ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்" என்று குரல் கொடுத்தாள்.

ஐந்து மணி பஸ் அவள் கண்ணெதிரே புறப்பட்டுப் போனது. ஆறரைக்குக் கடைசிப் பையும் போனது. அக்கா அறிக்கையை மடியில் விரித்தாள். பொய் எழுத மனம் வரவில்லை. கடைசிக் கட்டத்தில் 'ஒருவரும் இல்லை' என்று எழுதினாள். கண்ணில் நீர் முட்டியது. இனி ஜன்னல் ஓரமும் இல்லை, ஊரும் இல்லை, பசையும் கவரும்தான்.

லக்கேஜ் அறைக்காரர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். முழங்கால்வரை புழுதி.

"இதுதான் உங்க அஞ்சு நிமிஷமா?" அக்கா வெடித்தாள். "உங்களால என் வேலையே போகப்போகுது! இன்னைக்கு நான் சந்திக்க வேண்டிய ஆளைக்கூடச் சந்திக்க முடியல!"

"இந்நேரத்துக்கு நீங்க எழுந்து போயிருப்பீங்கன்னு நினைச்சேன்கா."

"ஊர்ச் சாமானை அப்படியே போட்டுட்டு எப்படிங்க போறது? அப்படி எங்கேதான் போயிட்டீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெண்டாட்டி பிள்ளைங்களை விட்டுட்டுக் கண்காணாமப் போயிடணும்னுதான் பஸ் ஏறினேன்கா. யாரோ எவரோ, என்னை நம்பி அந்தம்மா உட்கார்ந்திருப்பாங்களேங்கிற நினைப்பு விடவே இல்ல. பாதி வழியில இறங்கிட்டேன். திரும்பி வர பஸ் கிடைக்கல, நடந்தே வந்தேன். அதான் லேட்டு."