காளையிலிருந்து தொடங்குகிறவர்

திருவிதாங்கூர் சமஸ்தானம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத கலையில் ஆதியோடந்தம் அண்ணாச்சியை மிஞ்ச ஓர் ஆள் கிடைக்கமாட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எனக்குத் தெரியாது. அவர் பெண்டாட்டிக்கே அது மறந்துபோய்விட்டதாகக் கேள்வி. நாகர்கோவிலில் மோட்டார் பஸ் வந்து நிற்கிற இடத்தில் அவருடைய வில்வண்டி நிற்கும். திருவனந்தபுரத்திலோ கொழும்பிலோ மாசக்கணக்கில் கிடந்துவிட்டு வருகிற எங்கள் தேரூர்க்காரர்களை அவர்தான் வீடு சேர்ப்பார். ஏறி உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். வீட்டில் எல்லாரும் சுகமா?

அதற்குப் பதில் அவருடைய காளையிலிருந்து தொடங்கும். காளை தவிடு தின்னாமல் முரண்டு பிடித்தது, அச்சாணி தேய்ந்தது, கொல்லன் ஏமாற்றியது என்று இத்தனை மாதத் தொழில் விவகாரம் முதலில் வரும். தொழில் ஓய்ந்தால் குடம். கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிப்பதென்றால் மனிதருக்குப் பைத்தியம். எந்த ஊர்க் கொடையில் எந்தப் பாட்டுக்காரன் தாளம் தப்பினான் என்ற விசாரணை அங்கே நடக்கும். பிறகு அவருடைய குடும்பம். மூத்த மகள் மாமியாரிடம் படும் பாடு, இளைய மகளின் பல்வலி. இத்தனையும் ஆன பிறகுதான் உங்கள் வீட்டுக்கு முறை வரும். அவசரப்பட்டுக் குறுக்கே பேசினீர்களோ, வண்டியை ஓரங்கட்டிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

"மாடன் கொடையில பொறப்பு பாடாம நடுவுல இருந்து கதைய எடுக்க முடியுமா வேய்? சாமிக்கே ஆதியோடந்தமாத்தான் சொல்லுகோம். ஒமக்கு மட்டும் என்ன தனி வழக்கம்?"

கொழும்பில் கடை வைத்திருந்த எங்கள் தெருக்காரர் ஒருவர் ஒரு வருஷம் கழித்து வந்தார். வண்டி வீட்டு வாசலை எட்டியபோது கதை இளைய மகளின் பல்வலியில் நின்றது. பெண்டாட்டி பிள்ளைகள் ஆரத்தித் தட்டோடு காத்து நிற்கிறார்கள். அண்ணாச்சி கயிற்றைச் சுண்டினார். கதை முடியவில்லை, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம் என்று அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா மறுபடியும் கொழும்புக்குப் போகிறார் என்று பிள்ளைகள் வைத்த ஒப்பாரியில் தெருவே கூடிவிட்டது. சுற்றி வந்து இறங்கிய மனிதர் வீட்டாரிடம் முதலில் சொன்னது அந்தப் பல்வலியைத்தான்.

ஆனால் ஒரு சங்கதி ஊருக்கே தெரியும். சாவு விழுந்த வீட்டுக்கு ஆள் ஏற்றினால் அண்ணாச்சி வாயே திறக்கமாட்டார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்குத் தகப்பனார் தவறிவிட்டதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டி பாதி வழி வருவதற்குள், காளையைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லையே என்று அவரே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அண்ணாச்சியின் காளைக்கு நோய் இருக்கிறவரை நம் வீட்டில் எல்லாரும் நலம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

நான் அப்போது திருவனந்தபுரத்தில் குமாஸ்தா. ஊர்ப்பக்கம் போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. என் பெண்டாட்டிக்கு அது இரண்டாம் பேறு. முதல் பிள்ளை தங்கவில்லை. சாலைக் கடைத்தெருவுக்கு வாழைக்குலை கொண்டுவந்த ஊர்க்காரர் ஒருவர் என் அறைக்கு வந்து, அவளுக்கு வலி கண்டு ஒரு பகலும் இரவும் ஆகிவிட்டது, மருத்துவச்சி கையைப் பிசைகிறாள், உடனே கிளம்பு என்றார். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

நாகர்கோவிலில் இறங்கினேன். அண்ணாச்சி நின்றிருந்தார். "வீட்டுல என்ன அண்ணாச்சி?" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பையை வாங்கி வண்டிக்குள் வைத்தார். ஏறு என்று கையைக் காட்டினார். இரண்டு கையிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டத் தொடங்கினார்.

காளை வரவில்லை. அச்சாணி வரவில்லை. இன்னொரு தரம் கேட்கத் தைரியம் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம். ஒன்றும் அறியாத பாவி, ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு இப்போது அவளும் போய்விட்டாளா என்று நினைத்து நினைத்து உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

தேரூர்க் குளத்தங்கரையில் வண்டி நின்றது. காரியம் முடிந்த பிறகு வந்து சேர்கிறவன் குளத்தில் முழுகிவிட்டுத்தான் வீடு ஏற வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சரி, எல்லாம் முடிந்தது. இறங்கிச் சட்டையைக் கழற்றிக் கரையில் போட்டேன். ஒரு கால் தண்ணீரில் வைத்துவிட்டேன், அண்ணாச்சி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டு போய்க் காளையின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார்.

புது லாடம்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அடுத்து வண்டிச் சக்கரத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு காற்றில் குடம் அடித்தார், வாயை அகலத் திறந்தார், தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஏதோ கொடையில் பின்பாட்டுக்காரன் வராமல் இவரே விடிய விடியப் பாடித் தொண்டையைத் தொலைத்திருக்கிறார். ஓட்டும்போது கை ஒழியவில்லை. இப்போது காளை தண்ணீர் குடிக்கிற நேரத்தில் கதையை ஆதியிலிருந்து தொடங்கிவிட்டார்!

அட பாவி மனுஷா! அவரை அடிக்கவும் தோன்றியது, காலில் விழவும் தோன்றியது. ஆனால் குறுக்கே பேசவில்லை. சட்டையில்லாமல் குளத்தங்கரையில் நின்று அத்தனையும் பார்த்தேன். மூத்த மகளின் மாமியார் இடுப்பில் கைவைத்து நின்றாள். இளைய மகளுக்குப் பல் பிடுங்கியாயிற்று. கடைசியாக என்னை நோக்கி விரலை நீட்டிவிட்டு, இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டில்போல ஆட்டினார். காதில் கம்மல் போட்டுக் காட்டினார்.

"அவளுக்கு?" என்றேன்.

அதற்கு அவரிடம் சைகை இல்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, கரகரவென்று ஒரு குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டு பேரும் சுகம் மக்கா."

நான் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்குள் போனதும், வெளுத்த முகத்தோடு படுத்திருந்தவள், ஏன் இவ்வளவு தாமசம் என்று கேட்டாள். "காளைக்குப் புது லாடம் அடிச்சிருக்காரு" என்று தொடங்கினேன். சிரித்துவிட்டாள், வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதும் திருவனந்தபுரத்தில் ஊர்க்காரர் யாரைக் கண்டாலும் நான் முதலில் வீட்டைப் பற்றி விசாரிப்பதில்லை. அண்ணாச்சியின் காளைக்கு உடம்புக்கு என்ன என்றுதான் கேட்கிறேன்.