பூல் மேஜைக்குப் பவுடர் போட்ட கதை

கேரம் ஆடத் தெரிந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. மூலையில் குழி உள்ள எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். ஈரோட்டில் காலேஜ் கேரம் சாம்பியனான எனக்கு அந்தத் திமிர் கொஞ்சம் கூடுதல். (மொத்தமே நாலு பேர்தான் போட்டியிட்டோம். அது இப்போது எதற்கு?)

இப்போது அமெரிக்காவில், டெக்சாஸில் வாசம். எங்கள் ஊர் காப்பெல் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் நான்தான் நிகழ்ச்சிப் பொறுப்பு. ஊரிலிருந்து வரவிருந்த பலகுரல் கலைஞருக்கு விசா கிடைக்கவில்லை. "கவலையே வேண்டாம், செம சர்ப்ரைஸ் ஷோ இருக்கு" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். என்ன ஷோ என்று எனக்கே தெரியாது. ஷோ இல்லாவிட்டால் அந்த அரை மணி நேரமும் சங்கத் தலைவர் அங்கிளின் கரோக்கி. போன வருஷம் அவர் மைக்கைப் பிடித்ததும் பாதிக் கூட்டம் பார்க்கிங் லாட்டுக்கு ஓடியது.

அப்போதுதான் என் கணவர் செந்தில், ராய் அங்கிளைப் பற்றிச் சொன்னார். பக்கத்து ஊரான பிளானோவில், மேஜையில் குச்சியால் பந்தைக் குழிக்குள் தள்ளும் பூல் ஆட்ட ஹால் ஒன்றில் சனிக்கிழமை மதியங்களில் வித்தை காட்டும் பெரியவர். இளமையில் ஊர் ஊராகப் போய், ஆடத் தெரியாதவர் மாதிரி நடித்து, பந்தயம் கட்ட வைத்து, எதிராளியை மொட்டையடித்து அனுப்பிய பலே ஆசாமி. டிவியில்கூட வந்திருக்கிறாராம்.

போனோம். தோளில் சிவப்பு சஸ்பெண்டர் பட்டை, பெரிய தொப்பை, ஓயாத வாய். ஓர் ஊரில் வாக்குவம் கிளீனர் விற்பவராகப் போய் அந்த ஊர் போலீஸ் தலைவரான ஷெரீஃபையே தோற்கடித்தாராம். தப்பி ஓடும்போதும் பார்பிக்யூ பார்சலை விடவில்லையாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. பொங்கலுக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

"ஒரு கேம் ஆடும்மா. ஜெயிச்சா வர்றேன். தோத்தா வேற ஆளைப் பாரு" என்றார், இங்கிலீஷில்தான்.

"பானு, வேண்டாம். அவர் தொழிலே இதுதான்" என்று செந்தில் காதைக் கடித்தார்.

நான் அதற்குள் குச்சியை எடுத்துவிட்டேன்.

முதல் பந்து உள்ளே போனது. அடுத்ததும் போனது. அவரோ எதிரே இருந்த பந்தைக்கூடத் தவறவிட்டு, "வயசாச்சு, கை நடுங்குது" என்றார். ஐயோ பாவம் என்று நினைத்தேன். (என்னைச் சொல்லவேண்டும்.) செந்தில் கோக் வாங்கப் போன நேரத்தில், என் பந்து ஒன்று குழி வாசல்வரை ஊர்ந்துபோய் நின்றுவிட்டது. காய் சோம்பினால் கேரம்காரர்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். சுவரோரம் பவுடர் டப்பா இருந்தது. குச்சி வழுக்குவதற்காக விரலில் லேசாகத் தடவிக்கொள்ளும் பவுடர் அது என்று எனக்கு யார் சொன்னார்கள்? மேஜையின் பச்சைத் துணி முழுக்கத் தாராளமாகத் தூவி, உள்ளங்கையால் வட்டவட்டமாகத் தேய்த்தேன்.

ஓனர் தலையில் கை வைத்தபடி வந்தார். "மேம், என்ன பண்றீங்க?"

"இப்ப பாருங்க, எப்படி ஓடுதுன்னு" என்றேன் பெருமையாக.

ஓடவில்லை. வாக்குவம் கிளீனர் வந்தது. மேஜையை மூடினார்கள். ஆட்டமும் ரத்து. தலைவர் அங்கிளின் கரோக்கி இப்போதே காதில் கேட்டது. அழுகை வந்துவிட்டது.

ராய் அங்கிளோ நாற்காலியில் சரிந்து, தொப்பை குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வர்றேம்மா. ஆனா ஸ்டேஜ்ல என்ன பண்ணுவேன்னு கேக்கக் கூடாது" என்றார்.

"டீல், அங்கிள்" என்று குதித்தேன். செந்தில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பொங்கலன்று வந்தார். பந்து இல்லை, குச்சி இல்லை. நேரே மைக்கைப் பிடித்தார். இந்தியாவிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாக்களுக்குப் புரியவேண்டுமே, அதனால் நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லவேண்டும்.

"உங்க ஊர்ல ஒரு கேரம் சாம்பியன் இருக்காங்க" என்று ஆரம்பித்தார்.

ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, நான் மொழிபெயர்க்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். "அந்தம்மா பவுடர் டப்பாவை எடுத்தாங்க" என்று என் வாயாலேயே சொன்னேன். முன்வரிசையில் ஒரு அம்மா, "யாரு கண்ணு அந்தக் கிறுக்கி?" என்று கேட்டார். அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார் ராய் அங்கிள். கேட்டுவிட்டு, விரலை மெதுவாக என் பக்கம் நீட்டினார். ஒரு ஆள்கூடப் பார்க்கிங் லாட்டுக்குப் போகவில்லை.

இப்போது நான் டைனிங் டேபிளைத் துடைக்கப் போனாலே என் மகள், "மாம், நோ பவுடர், ஓகே?" என்கிறாள். ராய் அங்கிள் வருஷாவருஷம் பொங்கலுக்கு வந்துவிடுகிறார். அதே கதைதான், பவுடர் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. போன பொங்கலுக்கு அவர் இரண்டு டப்பா என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பைப் பார்த்து, நான் தமிழில் மூன்று என்றேன்.